போலு வழக்கு: விசாரணை தொடங்கும் முன்பே கழிந்த ஐந்து ஆண்டுகள்

2017 செப்டம்பர் 8 காலை, ஹரியானாவின் குருகிராமில் ஒரு தனியார் பள்ளியின் கழிவறையில் இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கழுத்து அறுபட்டுக் கிடந்தான். அவனுக்கு வயது 7. அன்றே பள்ளிப் பேருந்தின் நடத்துநரைக் காவல்துறை கைது செய்து, அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அறிவித்தது. இரண்டே வாரத்தில், செப்டம்பர் 22 அன்று, வழக்கு சிபிஐ கைக்குப் போனது. நவம்பர் 7 அன்று சிபிஐ பிடித்தது வேறொருவனை: அதே பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவன், பதினாறரை வயதை ஒட்டியவன். தேர்வையும் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பையும் தள்ளிப்போட வைக்க இதைச் செய்தான் என்பது சிபிஐ தரப்பு. நடத்துநருக்கு நவம்பர் 21 அன்று ஜாமீன் கிடைத்தது. 2018 பிப்ரவரி இறுதியில் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்தே விடுவித்தது. அவரைச் சிக்கவைத்ததாக 2021 ஜனவரியில் ஹரியானா காவல்துறையினர் நான்கு பேர் மீது சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது தனிக் கதை.

சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74வது பிரிவு தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் ஊடகங்களில் பெயர்கள் ஏற்கெனவே வந்துவிட்டன. அதனால் 2018 ஜனவரியில் குருகிராம் நீதிமன்றமே மாற்றுப் பெயர்கள் சூட்டியது. இறந்த குழந்தை 'பிரின்ஸ்', பிடிபட்ட மாணவன் 'போலு', பள்ளி 'வித்யாலயா'. இங்கும் அந்தப் பெயர்களையே பயன்படுத்துகிறோம்.

கொலையைச் செய்தது யார் என்பதை இந்த ஆய்வு தொடப்போவதில்லை. போலுவைச் சிறுவனாக விசாரிப்பதா, வயது வந்தவராக விசாரிப்பதா என்ற ஒற்றைக் கேள்வி, சிறார் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமம் (சுருக்கமாக, குழுமம்), அமர்வு நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறி, மறுபடி குழுமத்துக்கே இறங்கியது. 2017 டிசம்பரில் தொடங்கி 2022 அக்டோபர் வரை அதிலேயே போனது. 16 வயதைத் தாண்டியவர்களைப் பெரியவர்களாக விசாரிக்கலாமா என்ற விவாதத்தில் இரு தரப்பும் பேச மறப்பது இந்த நடைமுறையைத்தான்.

சட்டம் எப்படி இங்கே வந்து நின்றது

1986 இளைஞர் நீதிச் சட்டத்தில் ஆண் பிள்ளைகளுக்கு 16, பெண் பிள்ளைகளுக்கு 18 என்று வயது வரம்பு இருந்தது. 2000 சட்டம் இருவருக்கும் 18 ஆக்கியது. 2012 டிசம்பர் 16 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில் பிடிபட்டவர்களில் ஒருவனுக்கு 18 நிரம்பச் சில மாதங்களே இருந்தன. அவனுக்குக் கிடைத்தது சட்டம் அனுமதித்த அதிகபட்சம்: சிறாரைத் திருத்துவதற்கான சிறப்பு இல்லத்தில் மூன்று ஆண்டு. வயதைக் குறைக்க வேண்டாம் என்று, அந்த வழக்குக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் சொன்னது. 2013, 2014 ஆண்டுகளில் இரண்டு தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றமும் 18 வயது வரம்பில் கை வைக்க மறுத்தது. நாடாளுமன்ற நிலைக்குழுவும் புதிய மசோதாவின் இந்தப் பகுதியை ஏற்கவில்லை. ஆனால் டெல்லி வழக்கின் அந்தச் சிறுவன் விடுதலையாகி வெளியே வந்த இரண்டாம் நாள், 2015 டிசம்பர் 22 அன்று, மாநிலங்களவை மசோதாவை நிறைவேற்றியது. 2016 ஜனவரி 15 முதல் அது அமலில் இருக்கிறது.

புதிய சட்டம் வயதை நேரடியாகக் குறைக்கவில்லை. 16 முடிந்து 18 நிரம்பாதவர்கள் 'கொடிய குற்றம்' செய்ததாகச் சொல்லப்பட்டால், இளைஞர் நீதிக் குழுமம் 15வது பிரிவின்படி ஒரு 'முதனிலை மதிப்பீடு' செய்ய வேண்டும். அதன் முடிவைப் பொறுத்து அந்தச் சிறார் குழுமத்திலேயே இருப்பார், அல்லது பெரியவராக விசாரிப்பதற்காகக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றப்படுவார்.

'கொடிய குற்றம்' என்ற வலையில் யார் விழுகிறார்கள்

மதிப்பீட்டுக்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது. அதிலேயே பல வழக்குகள் தவறாக நுழைந்துவிடுகின்றன. கொடிய குற்றம் என்பது குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ள குற்றம். குற்றத்தின் கொடூரத்தை யாரும் அளப்பதில்லை. சட்டப் புத்தகத்தில் அச்சடித்திருக்கும் குறைந்தபட்ச எண் மட்டுமே கணக்கு.

கொலை இதில் வருவது சரி. ஆனால் கொலை முயற்சிக்குக் குறைந்தபட்சத் தண்டனை கிடையாது, ஆகவே வராது. கத்தியைக் காட்டி ஒரு செல்போனைப் பறித்தால், பழைய தண்டனைச் சட்டத்தின் 397வது பிரிவின்படி, அதாவது இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 311வது பிரிவின்படி, குறைந்தபட்சம் ஏழு ஆண்டு, அது வரும். 20 கிலோவுக்கு மேல் கஞ்சா இருந்தால் வணிக அளவு, குறைந்தபட்சம் பத்து ஆண்டு. கூலிக்குப் பையைச் சுமந்த பதினாறு வயதுப் பையனும் வருவான். பை 19 கிலோவாக இருந்தால் வரமாட்டான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 4வது பிரிவுக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் பத்து ஆண்டு. பதினேழு வயதுப் பையனும் பதினேழு வயதுப் பெண்ணும் காதலித்து வீட்டை விட்டுப் போய், பெண்ணின் வீட்டார் புகார் கொடுத்தால், கொலைக்குச் சமமான அதே வரிசையில் அந்தப் பையனும் நிற்கிறான். 2015 விவாதத்தில் யார் மனத்திலும் இந்தப் பையன் இருந்திருக்க மாட்டான்.

குறைந்தபட்சம் எதுவும் சொல்லாமல் அதிகபட்சம் மட்டும் ஏழு ஆண்டைத் தாண்டும் குற்றங்களை எங்கே வைப்பது? 2016 ஏப்ரலில் டெல்லியில் ஒரு சொகுசுக் கார் மோதி இளைஞர் ஒருவர் இறந்த வழக்கில்தான் இந்தக் கேள்வி எழுந்தது. கார் ஓட்டியவனுக்கு 18 நிரம்ப நான்கே நாள் இருந்தது. கொலையாகாத மரணம் விளைவித்தல் கொடிய குற்றமாகாது, அந்த வகைக் குற்றங்களை 'கடுமையான குற்றம்' என்றே கொள்ள வேண்டும் என்று 2020 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 திருத்தம் அதையே சட்டத்தில் எழுதியது. 2024 மே மாதம் புனேவில் சொகுசுக் கார் மோதி இருவர் இறந்த வழக்கில், அந்தச் சிறுவனைப் பெரியவராக விசாரிக்க வேண்டும் என்று காவல்துறை கேட்டதற்கும் இந்த வகைப்பாடே குறுக்கே நின்றது. 2025 ஜூலையில் குழுமம் கோரிக்கையை நிராகரித்தது. பதினைந்து மணி நேரத்தில் ஜாமீன், 300 வார்த்தைக் கட்டுரை என்று நாடே கொதித்த வழக்கு அது. ஆனால் கொதிப்புக்கும் வகைப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை.

ஆகவே வழக்கறிஞர் முதலில் பார்க்க வேண்டியது முதல் தகவல் அறிக்கையில் உள்ள பிரிவு எண்களை. அடுத்து, சம்பவ நாளன்று வயது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94வது பிரிவின் வரிசை தெளிவானது: பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ்; அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழ்; இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்பு முதிர்ச்சிப் பரிசோதனை, அதுவும் 15 நாளுக்குள். பள்ளியில் சேர்க்கும்போது ஒரு வயது கூட்டியோ குறைத்தோ எழுதிக் கொடுக்கும் நம் வழக்கம், 15 ஆண்டு 11 மாதத்துக்கும் 16 ஆண்டு 1 மாதத்துக்கும் இடையே தலையெழுத்தையே மாற்றிவிடும்.

மூன்று மாதத்துக்குள் நடக்க வேண்டியவை

பிடித்த 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் ஆஜர்படுத்த வேண்டும். விலங்கு போடக் கூடாது, லாக்கப்பில் வைக்கக் கூடாது. கையாள வேண்டியவர் குழந்தை நலக் காவல் அலுவலர், அவரும் சீருடையில் இருக்கக் கூடாது. குழுமத்தில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

முதல் ஆஜரிலிருந்து 15 நாளில் நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கை வர வேண்டும். ஒரு மாதத்தில் சாட்சி வாக்குமூலங்களும் மற்ற ஆவணங்களும் குழுமத்துக்கு வர வேண்டும், பிரதி சிறாருக்கோ பெற்றோருக்கோ தரப்பட வேண்டும். மூன்று மாதத்தில் முதனிலை மதிப்பீடு முடிய வேண்டும். 15வது பிரிவு பார்க்கச் சொல்வது: குற்றம் செய்வதற்கான உடல் திறன், மனத் திறன், விளைவுகளைப் புரிந்துகொள்ளும் ஆற்றல், குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் சூழ்நிலை. இது விசாரணையல்ல என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. மதிப்பீட்டின்போது சிறாரைக் குற்றமற்றவர் என்றே கொள்ள வேண்டும் என்று 2016 விதிகளின் 10ஏ சொல்கிறது. மாற்ற உத்தரவிட்டால் காரணம் எழுத வேண்டும், உத்தரவின் பிரதியை உடனே கொடுக்க வேண்டும்.

இதை வரிசைப்படுத்திப் படித்தாலே ஓர் இடறல் தெரியும். குற்றமற்றவர் என்று வைத்துக்கொண்டே, அவர் 'குற்றம் செய்த சூழ்நிலை'யை எப்படி மதிப்பிடுவது? 'நான் செய்யவில்லை' என்று சொல்லும் சிறுவனிடம், 'செய்தபோது விளைவை யோசித்தாயா' என்று கேட்க முடியாது. கேட்டாலும் பதில் வராது. அந்த மௌனமே அறிக்கையில் 'வருத்தம் தெரிவிக்கவில்லை' என்று ஏறிவிடும். 'செய்தேன்' என்று சொன்னால் அதுவும் அறிக்கையில் ஏறும். உளவியலாளரிடம் சொன்னதைப் பின்னால் சாட்சியமாக்கக் கூடாது என்று 15வது பிரிவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. போலு வழக்கில் இந்த ஆபத்து வெறும் ஏட்டுக் கணக்கல்ல. ஒருவர் ஏற்கெனவே 'ஒப்புக்கொண்டு', அது பொய்யென்று தெரிந்து, விடுவிக்கப்பட்ட வழக்கு இது.

நல்ல மதிப்பீட்டாளர் இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு வேறு பக்கமாக வருவார். பள்ளி வருகைப் பதிவு, மதிப்பெண் திடீரென்று சரிந்த பருவம், வீட்டில் அடிதடி, போதைப் பழக்கம், தலையில் அடிபட்ட வரலாறு, கூட்டாளிகளின் வயது, தனக்குத் தொடர்பில்லாத ஒரு கற்பனைச் சூழலில் முடிவெடுக்கும் விதம். இதற்கு ஒருமுறை பார்த்தால் போதாது. பெற்றோரையும் ஆசிரியரையும் தனித்தனியே சந்திக்க வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸின் குழந்தை மனநலத் துறை இப்படி ஒரு மதிப்பீட்டுப் படிவத்தையே உருவாக்கியிருக்கிறது. நடைமுறையில் நடப்பது வேறு. மாவட்ட மருத்துவமனையில் புறநோயாளிகள் வரிசைக்கு நடுவே சிறுவனை அழைத்துப் போவார்கள். ஒரு நுண்ணறிவுச் சோதனை நடக்கும். 'சராசரி நுண்ணறிவு, நேரம் இடம் ஆள் அறிந்திருக்கிறான், மனநோய் அறிகுறி இல்லை' என்று அரைப் பக்கம் வரும். குழுமம் அதைப் பார்த்து, 'ஆகவே விளைவுகளைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் உண்டு' என்று எழுதும். அந்த 'ஆகவே'யில்தான் மொத்தக் கோளாறும் இருக்கிறது.

குருகிராமில் என்ன தவறியது

போலு பிடிபட்டது நவம்பர் 7. அவனை வயது வந்தவராக விசாரிக்க வேண்டும் என்று குழுமம் உத்தரவிட்டது டிசம்பர் 20. ஏறத்தாழ ஆறு வாரம். சட்டம் மூன்று மாதம் தந்திருக்க, நாடு முழுக்கக் கண்கள் குத்திட்டு நின்ற வழக்கில் குழுமம் அவசரப்பட்டது.

உளவியல் அறிக்கையும் சமூக விசாரணை அறிக்கையும் வந்தன. பிரதி கேட்டபோது சிறுவன் தரப்புக்குத் தரவில்லை. ரகசியம் என்பது காரணம். சிறிது நேரம் படித்துப் பார்க்க மட்டும் விட்டார்கள். ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு நிபுணரிடம் காட்டாமல், உளவியலாளரைக் குறுக்கு விசாரணை செய்யாமல், ஒரு வழக்கறிஞர் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? 99வது பிரிவு அறிக்கைகளை ரகசியம் என்கிறது, உண்மைதான். ஆனால் அந்த ரகசியம் வெளியாருக்கு எதிரானது, சிறுவனுக்கே எதிரானதல்ல.

பயன்படுத்திய சோதனைகள் அவன் வயதுக்கு உரியவை அல்ல என்பது சிறுவன் தரப்பின் இன்னொரு வாதம். இந்தியாவில் பரவலாகப் பயன்படும் மாலின் நுண்ணறிவு அளவுகோல் 6 முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்காக வகுக்கப்பட்டது. 16 தாண்டியவனுக்கு அதைக் கொடுத்தால் வரும் எண்ணுக்குப் பொருளில்லை. முதனிலை மதிப்பீட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் சட்டப்படியே 16 தாண்டியவர்கள்தான் என்பதை நினைத்தால் இது சின்னக் கோளாறல்ல. போலுவைப் பார்த்த உளவியலாளரே, தேவைப்பட்டால் ரோத்தக்கில் உள்ள மனநல நிறுவனத்துக்கு அனுப்பிக் கூடுதல் மதிப்பீடு செய்யலாம் என்று எழுதியிருந்தார். குழுமம் அனுப்பவில்லை.

2018 மே 21 அன்று அமர்வு நீதிமன்றம் குழுமத்தின் உத்தரவை உறுதி செய்தது. மேல்முறையீட்டில், குழுமம் பார்த்த நிபுணரைத் தவிர வேறொரு நிபுணரின் உதவியைப் பெற 101வது பிரிவு வழி செய்திருக்கிறது. அந்த வழி பயன்படவில்லை. அக்டோபர் 11 அன்று பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் இரண்டு உத்தரவுகளையும் ரத்து செய்து, ஆறு வாரத்தில் புதிதாக மதிப்பீடு செய்யச் சொன்னது. பிரின்ஸின் தந்தையும் சிபிஐயும் உச்ச நீதிமன்றம் போனார்கள். இருக்கும் நிலையே தொடரட்டும் என்று அது உத்தரவிட்டது. ஆறு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை மூன்றரை ஆண்டுக்கு மேல் நின்றது. எங்கள் பார்வையில் இந்த வழக்கின் மிகப் பெரிய சேதம் இந்த இடைவெளிதான். 2017 டிசம்பரில் பிரதியைக் கொடுத்து, சரியான சோதனைக்கு ஒரு மாதம் ஒதுக்கியிருந்தால் இது எதுவுமே தேவைப்பட்டிருக்காது.

2022 ஜூலை 13 தீர்ப்பு

நீதிபதிகள் தினேஷ் மகேஸ்வரி, விக்ரம் நாத் அமர்வு மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பில் நடைமுறைக்கு உதவுவது மூன்று பகுதி.

முதலாவது, மனத் திறனும் விளைவைப் புரிந்துகொள்ளும் ஆற்றலும் ஒன்றல்ல. குழுமமும் அமர்வு நீதிமன்றமும் இரண்டையும் ஒன்றாகக் கொண்டதுதான் அடிப்படைப் பிழை. நுண்ணறிவு எண் நன்றாக இருப்பதால் மட்டும் இரண்டாவது நிரூபணமாகிவிடாது. விளைவு என்பதும், கத்தி பட்டால் ரத்தம் வரும், ஆள் சாவான் என்ற உடனடி விளைவு மட்டுமல்ல. இறந்தவர் குடும்பத்துக்கு என்ன ஆகும், தன் குடும்பத்துக்கு என்ன ஆகும், தன் வாழ்க்கை என்னவாகும் என்ற தொலைவான விளைவுகளும் சேர்ந்தவை. பரீட்சையைத் தள்ளிப்போட ஒரு கொலை என்ற சிபிஐயின் கூற்று உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், அது தொலைநோக்கைக் காட்டுகிறதா, தொலைநோக்கே இல்லாததைக் காட்டுகிறதா? இரு தரப்பும் அதே நோக்கத்தைத் தங்களுக்குச் சாதகமாகக் காட்ட முடியும். அதனால்தான் நிபுணர் தேவை.

இரண்டாவது, அந்த நிபுணர் உதவி. உளவியலாளர்களின் உதவியைப் பெறலாம் என்று குழுமத்தின் விருப்பத்துக்கு விடும் வகையில் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. குழுமத்தின் சமூகப் பணியாளர்களில் குழந்தை உளவியலிலோ மனநல மருத்துவத்திலோ பட்டம் பெற்றுத் தொழில் செய்பவர் ஒருவர்கூட இல்லையென்றால், அது விருப்பமல்ல, கட்டாயம் என்றது உச்ச நீதிமன்றம்.

மூன்றாவது, மதிப்பீட்டுக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வகுக்க ஒன்றிய அரசும் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையங்களும் பரிசீலிக்க வேண்டும் என்றது. தேசிய ஆணையம் 2023 ஏப்ரலில் நெறிமுறைகளை வெளியிட்டது. உடல் திறன், மனத் திறன், சூழ்நிலை, விளைவை அறிதல் ஆகிய நான்கையும் தனித்தனியாக ஆராயச் சொல்கிறது அது. நெறிமுறை நல்லது, ஆனால் மாவட்டத்துக்கு ஒரு குழந்தை உளவியலாளர் கிடைப்பதே பாடாக இருக்கும் இடங்களில் யார் ஆராய்வது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

தீர்ப்புக்குப் பின் வழக்கு குழுமத்துக்குத் திரும்பியது. 2022 அக்டோபர் 17 அன்று குழுமம் மறுபடியும் அதே முடிவுக்கு வந்தது: வயது வந்தவராக விசாரிக்கலாம். பதினாறு வயதில் ஒருவனின் மனம் எப்படி இருந்தது என்பதை அவன் 21 தாண்டிய பிறகு மதிப்பிட்ட உத்தரவு அது. மூன்று நாள் கழித்து, அக்டோபர் 20 அன்று, உச்ச நீதிமன்றம் அவனுக்கு ஜாமீன் கொடுத்தது.

போலு சிறுவனாகவே விசாரிக்கப்பட்டு, குற்றம் நிரூபணமாகியிருந்தால், அவனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய அதிகபட்சம் சிறப்பு இல்லத்தில் மூன்று ஆண்டு. எப்படி விசாரிப்பது என்று முடிவாகும் முன்பே அவன் காவலில் கழித்தது ஐந்து ஆண்டுக்குச் சில வாரம் குறைவு. 12வது பிரிவின்படி சிறாருக்கு ஜாமீன்தான் விதி, மறுப்பது விதிவிலக்கு. மறுபக்கம், ஏழு வயது மகனை இழந்த பெற்றோருக்கு ஐந்து ஆண்டில் விசாரணை என்ற ஒன்று உருப்படியாக நடக்கவே இல்லை. கடுமை வேண்டும் என்பவருக்கும் கனிவு வேண்டும் என்பவருக்கும் இந்த ஏற்பாடு எதையும் தரவில்லை.

மாற்றினால் உண்மையில் என்ன ஆகும்

பெரியவராக விசாரித்தால் தூக்கு அல்லது சாகும்வரை சிறை என்று பலர் நினைக்கிறார்கள். 21வது பிரிவு இரண்டையும் தடுக்கிறது. மரண தண்டனை கிடையாது. விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. விடுதலைக்கு வழியுள்ள ஆயுள் தண்டனை உண்டு. பெரியவர்களோடு சேர்த்து விசாரிக்கவும் கூடாது.

குழுமம் மாற்றிவிட்டால் முடிந்தது என்பதும் சரியல்ல. 19வது பிரிவின்படி குழந்தைகள் நீதிமன்றம் தானாக ஒருமுறை முடிவெடுக்க வேண்டும். பெரியவராக விசாரிக்கத் தேவையில்லை என்று கண்டால் சிறாராகவே நடத்தலாம். பல நீதிமன்றங்கள் இதைத் தாண்டிக் குதித்து நேராகக் குற்றச்சாட்டு வனைந்தன. இந்தப் படி கட்டாயம், சம்பிரதாயமல்ல என்று 2023 செப்டம்பரில் அஜித் குர்ஜர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் வழக்கறிஞர் குழுமத்தில் தோற்ற உடனே உயர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியதில்லை. முதலில் 30 நாளுக்குள் 101வது பிரிவு மேல்முறையீடு, அதோடு வேறு நிபுணர் கேட்டு மனு. அதிலும் தோற்றால் 19வது பிரிவின் கீழ் சுயமான முடிவு கோரி மனு. மேல்முறையீட்டின் 30 நாள் வரம்பையும், மதிப்பீட்டுக்கான மூன்று மாதம் வழிகாட்டும் காலம் மட்டுமே, கடந்தால் குழுமத்தின் அதிகாரம் போய்விடாது என்பதையும் 2024 மே 7 அன்று கர்நாடக வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இரண்டாவது பாதி எங்களுக்கு உறுத்துகிறது. மூன்று மாதம் கட்டாயமில்லை என்றால், தாமதத்தின் விலையைக் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் பிள்ளைதான் கொடுக்கும்.

மாற்றத்தால் பிள்ளை இழப்பது தண்டனைக் காலத்தில் மட்டுமல்ல. சாதாரணமாகச் சிறார் மீதான தீர்ப்பு வேலைக்கோ தேர்தலுக்கோ தகுதியிழப்பு ஆகாது, பதிவேடுகளும் அழிக்கப்படும். 24வது பிரிவின் இந்தப் பாதுகாப்பு, பெரியவராக விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி எனக் காணப்பட்டவருக்குக் கிடையாது. பதினேழு வயதில் கத்தியைக் காட்டிப் போன் பறித்தவனுக்கும் இது பொருந்தும்.

இதனால் குற்றம் குறையுமா? அமெரிக்காவில் பல மாகாணங்கள் பல்லாண்டுகளாகச் சிறாரைப் பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு மாற்றி வருகின்றன. அங்குள்ள ஆய்வுகளைத் தொகுத்து, நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பணிக்குழு 2007 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. மாற்றப்பட்டவர்களிடையே பிற்கால வன்முறை குறையவில்லை, பொதுவாகக் கூடியது என்பது அதன் முடிவு. அவர்களின் சட்டமும் சிறைகளும் வேறு, அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் மாற்றினால் குற்றம் குறையும் என்று சொல்பவர்கள்தான் சான்று காட்ட வேண்டும். அந்தச் சான்று 2015 விவாதத்தில் வைக்கப்படவில்லை.

எங்கள் நிலை இது: 15வது பிரிவை எடுத்துவிட்டு, கொலை போன்ற வழக்குகளில் குழுமமே மூன்று ஆண்டைத் தாண்டி, உதாரணமாக 23 வயது வரை, சீர்திருத்தக் காவல் விதிக்க வழி செய்தால் போதும். மூன்று ஆண்டுக்கும் ஆயுளுக்கும் நடுவே எதுவும் இல்லாததால்தான் ஒவ்வொரு பெரிய வழக்கிலும் எல்லாரும் இந்த மதிப்பீட்டைப் பிடித்து இழுக்கிறார்கள். அது நடக்கும்வரை, இருக்கும் சட்டத்துக்குள் குழுமங்கள் செய்யக்கூடியவை உண்டு. அறிக்கைகளின் பிரதியைக் கேட்காமலே கொடுத்துவிடலாம். வயதுக்கு உரிய சோதனையா என்று உளவியலாளரிடம் எழுத்தில் வாங்கலாம். 15வது பிரிவின் ஒவ்வொரு அம்சத்துக்கும் தனித் தலைப்பில் காரணம் எழுதலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டானா என்ற பகுதியை அறிக்கையிலிருந்தே நீக்கச் சொல்லலாம். எதற்கும் புதுச் செலவில்லை.

ஒரு சிக்கலுக்கு மட்டும் குழுமமும் வழி காண முடியாது. பெரியவராக விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்படும் சிறார் 21 வயது வரை, சிறையல்லாத 'பாதுகாப்பிடம்' என்ற தனி இடத்தில் இருக்க வேண்டும். 21 ஆனதும் 20வது பிரிவின்படி, அவர் திருந்தியிருக்கிறாரா, சமூகத்துக்குப் பயன்படுவாரா என்று குழந்தைகள் நீதிமன்றம் பார்த்து, நிபந்தனையோடு விடுவிக்கலாம் அல்லது மிச்சக் காலத்துக்குச் சிறைக்கு அனுப்பலாம். 2015 சட்டத்தை ஆதரித்தவர்கள் பெரிதாகச் சொன்ன பாதுகாப்பு இதுதான். விசாரணை முடிவதற்குள்ளேயே ஒருவருக்கு 21 தாண்டிவிட்டால் அவருக்கு இந்த மறுபரிசீலனை உண்டா என்று சட்டம் சொல்லவில்லை. 2022 அக்டோபரில் ஜாமீனில் வெளியே வந்தபோது போலு அந்த வயதைத் தாண்டியிருந்தான், அவன் மீதான கொலை வழக்கு விசாரணை அப்போதும் தொடங்கவில்லை.